இடது பக்கத்துப் போக்ஸ் கம்பி: பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை ஒரு பழைய ரயில் தடத்தில்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து ஊர் வரை 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அதே மேட்டின்மேல் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி உருளை ஓட்டி இறுக்கிய பாதை. கிரேட் அலெகெனி பேசேஜ் என்று பெயர். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நானும் என் மச்சினனும் இதை மூன்று நாளில் ஓட்டினோம். பயணம் மூன்று நாள்தான். அதற்காகச் சைக்கிளைத் தயார் செய்ய ஆறு வாரம் ஆனது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் வழியில் நடந்ததில் பாதி, கராஜில் நான் செய்ததாலும் செய்யாமல் விட்டதாலும் நடந்தது.

என்னுடையது இருபது வருடப் பழைய ஸ்டீல் பிரேம் சைக்கிள். ஒரு வீட்டு வாசலில் விற்பனைக்கு வைத்திருந்ததை வாங்கினேன். பிரேம் நல்ல பிரேம். ஆனால் அது தார் ரோட்டுக்கு அமைத்த வண்டி. 28 மில்லிமீட்டர் டயர், அதில் 90 பவுண்டு காற்று. அந்த டயரோடு ஈரமான சுண்ணாம்புப் பொடியில் போனால் சக்கரம் உழுதுகொண்டு போகும். அதனால் முதல் வேலை, எவ்வளவு அகலமான டயர் உள்ளே போகும் என்று அளந்து பார்ப்பது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும், பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஓடும் செயின்ஸ்டே குழாய்களிலும் குறுகலான இடம் எது என்று பார்த்து, டயருக்கு இரண்டு பக்கமும் குறைந்தது 4 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கும்படி கணக்குப் போட்டேன். 38 மில்லிமீட்டர் போகும் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஆசைப்படவில்லை. சக்கரம் லேசாகக் கோணினாலே டயர் பிரேமில் உரசும், அந்த 4 மில்லிமீட்டர் அதற்கான இடம். பின்னால் இந்த இடைவெளிதான் என்னைக் காப்பாற்றியது.

அகல டயரின் லாபம் முழுக்கக் காற்றில் இருக்கிறது. முன்னால் 40 பவுண்டு, சாமான் பை தொங்கும் பின்சக்கரத்தில் 50. எங்கள் தெருமுனையில் இருக்கும் சரளைத் தடத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 60, 50, 40 என்று இறக்கி இறக்கி ஓட்டிப் பார்த்தேன். 60-இல் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் தெரிந்தது. 40-இல் பின்சக்கரம் வளைவுகளில் மெத்துமெத்தென்று ஆடியது. டயர் பக்கவாட்டில் போட்டிருக்கும் அதிகபட்சக் காற்றை அடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கை மரத்துப்போவதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது செயின். புதிய செயினில் ஒரு பின்னைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால், இருபத்து நான்காவது பின் வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால், கடைசிப் பின் 12 அங்குலக் கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அப்புறம் செலவு இரட்டிப்பு. என் செயின் பதினாறில் ஒரு பங்கைத் தாண்டி நின்றது. புதிது போட்டேன். பழைய கேசட்டில், அதாவது பின் பல்சக்கர அடுக்கில், புதுச் செயின் வழுக்குகிறதா என்று ஒரு மேட்டில் அழுத்தி மிதித்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.

பின்சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பைக் கழற்றியபோது உள்ளே கிரீஸ் காய்ந்து பழுப்பு மெழுகாகக் கிடந்தது. பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ், ஒவ்வொன்றும் கால் அங்குல உருண்டை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூன்றில் புள்ளி விழுந்திருந்தது, அதனால் பதினெட்டையும் மாற்றினேன். பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடு அச்சான ஆக்சிலை விரலால் அசைத்தால் மிகச் சிறிதாக ஓர் ஆட்டம் தெரிய வேண்டும். சக்கரத்தைப் பிரேமில் மாட்டி குவிக் ரிலீஸ் பூட்டை அழுத்தி மூடும்போது ஆக்சில் அமுங்கி அந்த ஆட்டம் காணாமல் போகும். மேசைமேல் வைத்து ஆட்டமே இல்லாமல் இறுக்கினால், பிரேமில் மாட்டியதும் பால்ரஸ் நசுங்கும். இதை மதுரையில் அப்பா கடையில் பார்த்துப் பழகியவன் நான், ஆனாலும் மூன்று தடவை இறுக்கித் தளர்த்தித்தான் சரியாக வந்தது.

இப்போது போக்ஸ் கம்பிக்கு வருகிறேன். ஹப்பையும் ரிம் என்ற சக்கர வளையத்தையும் இணைக்கும் கம்பிகள் அவை.

பின்சக்கரத்தில் 32 கம்பிகள், பக்கத்துக்கு 16. வலது பக்கம் கேசட் இருப்பதால் அந்தப் பக்கத்து ஹப் விளிம்பு உள்ளே தள்ளி இருக்கிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலது கம்பிகள் மிக இறுக்கமாகவும் இடது கம்பிகள் அதைவிட நன்றாகத் தளர்ந்தும் இருந்தாக வேண்டும். எந்தப் பின்சக்கரமும் இப்படித்தான். ஆனால் எவ்வளவு தளர்ச்சி என்பதுதான் கேள்வி. விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் பதினாறும் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் கணீரென்று பேசின. இடது பக்கத்தில் ஒன்று ஒரு சுருதி, அடுத்தது வேறு. நான்கு கம்பிகள் சத்தமே எழுப்பாமல் தொப்பென்று விழுந்தன.

இது ஏன் முக்கியம் என்றால், சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே வரும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இறுக்கம் இழக்கின்றன. மேலே போனதும் திரும்பப் பெறுகின்றன. போதுமான இறுக்கத்தில் இருக்கும் கம்பிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தளர்ந்த கம்பியோ கீழே வரும்போது முழுவதும் தொய்ந்து, ஹப்பில் கொக்கிபோல் வளைந்திருக்கும் கழுத்தில் அசைகிறது. ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதைப் போலத்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். என் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.18 மீட்டர். 240 கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சுற்று. அத்தனை தடவை அந்தக் கழுத்து வளைந்து நிமிரும்.

இடது பக்கம் முழுவதையும் கால் திருப்பு, கால் திருப்பாக இறுக்கி ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தேன். கோட்டமும் எடுத்தேன். ஆனால் இதற்கு முன் பல வருடம் அந்தக் கம்பிகள் தளர்ந்தே ஓடியிருக்கின்றன. கழுத்தில் ஏற்கெனவே விரிசல் விழுந்திருந்தால் இனி இறுக்கி அது மூடப்போவதில்லை. பதினாறையும் மாற்றுவதுதான் முறை. நேரம் இல்லை. அதனால் இடது பக்கத்து அளவான 294 மில்லிமீட்டரில் மூன்று கம்பிகள் வாங்கிச் செயின்ஸ்டேயோடு சேர்த்து டேப் சுற்றினேன். வலது பக்கக் கம்பி ஒடிந்தால் கேசட்டையே கழற்ற வேண்டும், அதை வழியில் செய்வது கஷ்டம். அதற்கு மட்டும் தற்காலிகமாகக் கட்டும் கெவ்லார் நூல் கம்பி ஒன்று சாமான் பையில் போட்டேன்.

சரி, பயணம்.

பிட்ஸ்பர்க்கில் அலெகெனியும் மொனாங்கஹேலாவும் சேர்ந்து ஓஹையோ நதியாகும் முனையில் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே முன்சக்கரத்தைத் தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோய்விட்டுக் கிளம்பினோம். முதல் இருபது மைல் நகரம், தார்ப்பாதை. ஹாட் மெட்டல் பாலம் வழியாக மொனாங்கஹேலாவைக் கடக்கிறோம். உலையில் உருகிய இரும்பைக் கொப்பரையோடு ரயிலில் ஏற்றி எதிர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோன பாலம் அது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அப்புறம் ஹோம்ஸ்டெட். 1892-இல் கார்னகியின் எஃகு ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளும், கம்பெனி கூட்டிவந்த ஆட்களும் துப்பாக்கியோடு மோதிய இடம். ஆலை போய்விட்டது. வரிசையாகச் செங்கல் புகைபோக்கிகள் மட்டும் ஒரு கடைவீதி நடுவில் நிற்கின்றன.

மெக்கீஸ்போர்ட்டைத் தாண்டி யாகியகேனி நதியோரம் திரும்பியதும்தான் பாதை மாறுகிறது. நதியை உள்ளூர்க்காரர்கள் 'யாக்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். டயரின் சத்தமே வேறு. தாரில் இருந்த ரீங்காரம் நின்று, அரிசி புடைப்பது போல ஒரு மெல்லிய சரசரப்பு. சுண்ணாம்புக்கல்லை நொறுக்கும்போது வரும் நைசான தூளும் சின்னக் கல்லும் கலந்திருப்பதால், மழை பட்டு உருளை ஓடினால் இது கிட்டத்தட்டச் சிமெண்ட் பூசியதுபோல் இறுகிவிடுகிறது. காய்ந்த நாளில் அதில் ஓட்டுவது தனி சுகம்.

இந்தப் பாதையின் பெரிய கொடை அதன் சரிவுதான். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் ஏறும்போது பிடிமானம் குறைவு. நீண்ட சரக்கு ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் மலையைக் குடைந்தும், பள்ளத்தில் பாலம் போட்டும், நதியின் வளைவுகளோடு சேர்ந்து வளைந்தும் சரிவை இரண்டு சதவீதத்துக்குள் அடக்கினார்கள். மெக்கீஸ்போர்ட்டிலிருந்து கானல்ஸ்வில் வரை பிட்ஸ்பர்க் அண்ட் லேக் ஈரி ரயில்வேயின் தடம். அதற்குப் பிறகு வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வேயின் தடம், 1912-இல் திறந்தது, 1975-இல் கைவிடப்பட்டது. ஓஹையோபைல் பக்கம் சைக்கிள் பாதையின் முதல் துண்டு 1986-இல் திறந்தது. பிட்ஸ்பர்க் முனை வரை முழுப்பாதையும் சேர 2013 ஆனது. இருபத்தேழு வருடம் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்த வேலை. எதிர்க்கரையில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. இரவில் கானல்ஸ்வில் விடுதியில் படுத்துக்கொண்டு அந்த ஊதல் சத்தத்தைக் கேட்டோம்.

ஆனால் இந்த மென்மையான சரிவுக்கு ஒரு விலை உண்டு. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மேடு பள்ளமான ரோட்டில் இறக்கம் வரும், மிதிக்காமல் விட்டு எழுந்து நிற்கலாம், உட்காரும் இடத்துக்கும் கைக்கும் ஓய்வு கிடைக்கும். இங்கே இறக்கமே கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வேகம், ஒரே உட்காரல். முதல் நாள் 98 கிலோமீட்டர். ஐம்பதாவது கிலோமீட்டரில் இரண்டு கையிலும் சுண்டு விரல் மரத்தது. நிறுத்தி, சீட்டின் மூக்கைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே தூக்கினேன், ஆலன் கீயில் கால் திருப்பு. உடம்பு முன்னால் வழுக்குவது நின்றது, கைமேல் விழுந்த பாரம் குறைந்தது, அரை மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பியது. அதற்குப் பிறகு பத்து மைலுக்கு ஒருமுறை இறங்கி இரண்டு நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் வழியில் வான் மீட்டர் என்ற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. 1907 டிசம்பர் 19 அன்று அங்கே டார் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடித்து 239 பேர் இறந்தார்கள். பெரியவர்களும் சிறுவர்களும். இந்தப் பள்ளத்தாக்கின் நிலக்கரியைத்தான் கானல்ஸ்வில் சூளைகளில் கோக் என்ற உலை எரிபொருளாகச் சுட்டு, நாங்கள் காலையில் கடந்துவந்த ஆலைகளுக்கு இதே தடத்தில் அனுப்பினார்கள். ஒரு நாளில் மிதித்த தூரத்துக்குள் அந்தக் கதையின் இரண்டு முனையும் இருந்தன. மச்சினன் அந்தப் பலகையை இரண்டு முறை படித்தான். கொஞ்ச தூரம் இருவரும் பேசவில்லை.

இரண்டாம் நாள் மழை. கனத்த மழை இல்லை, விடாத தூறல். காலை பத்து மணிக்குள் சுண்ணாம்புப் பொடி சாம்பல் நிறக் கூழாகிவிட்டது. நெசவாளர் பாவுக்குப் பூசும் கஞ்சி போல எல்லாவற்றிலும் அப்புகிறது, செயினில், பிரேக் கட்டையில், தண்ணீர்ப் பாட்டிலின் வாயில். பாட்டிலை மூடி போட்டு வைக்காமல் ஒரு மடக்குக் குடித்தேன், பல்லில் நறநறவென்று மணல். அதன்பின் பாட்டிலைச் சாமான் பைக்குள் மாற்றிவிட்டோம்.

முதலில் பாதிக்கப்பட்டது மச்சினன் வண்டி. அவன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடைவெளி ஒரு விரல் கனம்கூட இல்லை. கூழும் உதிர்ந்த மேப்பிள் இலைகளும் சேர்ந்து உள்ளே இறுகி, சக்கரம் பிரேக் பிடித்ததுபோல் நின்றது. டயர் கழற்றும் நெம்புகோலை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்தோம். மூன்று மைலுக்கு ஒருமுறை அதே கதை. கடைசியில் முன் மட்கார்டைக் கழற்றிக் கேரியரில் கட்டிவிட்டான். ஷூ நனைந்தாலும் பரவாயில்லை என்றான். இந்தப் பாதையில் மட்கார்டு போடுகிறவர்கள் அரை அங்குலமாவது இடம் விட்டுப் போடுங்கள். இல்லையென்றால் போடாமலே வாருங்கள்.

செயின் கீச்சிட ஆரம்பித்தது ஓஹையோபைலில். அருவிக்குப் பக்கத்தில் கூரையடியில் நிறுத்தி, கொண்டுபோயிருந்த பழைய வேட்டித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கி முப்பது சுற்றுச் சுற்றினேன். துணி முழுக்கச் சாம்பல் நிறம். ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய், ஐந்து நிமிடம் ஊற விட்டு, வெளியே இருப்பதை எல்லாம் திரும்பத் துடைத்து எடுத்தேன். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளே. வெளியே தங்கும் எண்ணெய் பொடியை இழுத்துப் பிடித்து அரைக்கும் பசையாக மாறும், அவ்வளவுதான்.

ஓஹையோபைலில் உயரப் பாலத்தைக் கடந்து காட்டுக்குள் நுழைந்து நாலைந்து மைல் போயிருப்போம். இருபக்கமும் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், கீழே நதியின் இரைச்சல். 'டிங்' என்று ஒரு சத்தம். வீணைத் தந்தி அறுந்தால் வரும் அதே சத்தம். அடுத்த நொடியே பின்னால் 'சர்க்... சர்க்...' என்று சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உரசல்.

"மாமா, நில்லுங்க. உங்க பின்சக்கரம் ஆடுது" என்றான் பின்னால் வந்தவன்.

நிறுத்திப் பார்த்தேன். இடது பக்கம். நான் தட்டியபோது தொப்பென்று விழுந்த நான்கில் ஒன்று. கழுத்தில் ஒடிந்திருந்தது. இடது பக்க இழுவை போனதால் அந்த இடத்தில் ரிம் வலது பக்கம் சாய்ந்து பிரேக் கட்டையில் உரசுகிறது. டயருக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே நான் விட்ட 4 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் மிச்சம். போனில் சிக்னல் இல்லை.

"மாப்ள, அந்த நீலப் பையை எடு. கம்பி மூணும் செயின்ஸ்டே டேப்புல இருக்கு, பதமா உரி."

சாமான் பைகளைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். ஒடிந்த கம்பியின் தலைப்பகுதி ஹப் துளையிலிருந்து தானே விழுந்துவிட்டது. மீதியை, ரிம்மில் கம்பியின் நுனியைப் பிடிக்கும் மரைக்குமிழான நிப்பிளிலிருந்து திருகிக் கழற்றினேன். டயரையோ டியூபையோ கழற்றத் தேவையில்லை. பழைய நிப்பிள் நன்றாக இருந்தால் அதிலேயே புதுக் கம்பியை ஏற்றிவிடலாம். மழைச் சாரலில் இது பெரிய நிம்மதி.

புதுக் கம்பியை எப்படிக் கோர்ப்பது என்பதற்கு வழிகாட்டி அதே சக்கரத்தில் இருக்கிறது. ஒன்று விட்டு அடுத்த துளையில் இருக்கும் கம்பி எப்படிப் போகிறதோ அப்படியே போக வேண்டும். என்னுடையது தலை வெளிப்பக்கமும் உடல் உள்பக்கமும் இருக்கும் கம்பி. ஹப் துளையில் வெளியிலிருந்து உள்ளே செருகினேன். நுனி வலது பக்கக் கம்பிகளின் நடுவே எட்டிப் பார்த்தது. அதை லேசாக வில்போல் வளைத்து இழுத்து, வழியில் குறுக்கிடும் மூன்று கம்பிகளில் முதல் இரண்டுக்கும் உள்பக்கமாகவும் மூன்றாவதற்கு வெளிப்பக்கமாகவும் விட்டேன். இந்த மூன்றாவது பின்னல்தான் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று அணைத்து நிற்க வைப்பது. விரல் விறைத்திருந்தது. நிப்பிளின் வாயில் மரை பிடிக்க நாலைந்து முயற்சி ஆனது. மச்சினன் தன் தொப்பியை என் கைக்கு மேலே குடைபோல் பிடித்துக்கொண்டு நின்றான்.

இறுக்குவதில் அவசரப்படக் கூடாது. முதலில் பக்கத்துக் கம்பிகளைத் தட்டிக் கேட்டேன், புதியதை அந்தச் சுருதி வரும்வரை ஏற்றினேன். பிறகு பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, வலது பக்கம் உரசும் இடத்தில் இடது கம்பியைக் கால் திருப்பு இறுக்கு, திரும்பச் சுழற்று, பார். அரை மில்லிமீட்டர் கோட்டத்தில் நிறுத்திக்கொண்டேன். காட்டுக்குள் அதற்கு மேல் தேவையில்லை. தொடங்கியதிலிருந்து நாற்பது நிமிடம்.

ஒடிந்த துண்டை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பார்த்தேன். முறிந்த முகம் ஒரு கடுகு அளவுதான். அதில் பாதிக்கு மேல் மங்கிப் பழுப்பாக இருந்தது, மீதிப் பிறை வடிவத் துண்டு மட்டும் வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தது. மங்கிய பகுதி பழைய விரிசல், வருடக்கணக்காக உள்ளே ஊர்ந்து வந்தது. பளிச்சென்ற பிறை மட்டும்தான் இன்று ஒடிந்தது. இத்தனை நாளாக என் பாரத்தை அந்தப் பிறை ஒன்றே தாங்கி வந்திருக்கிறது. அதை மச்சினனிடம் காட்டினேன். அவன் வாங்கி, போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டான். மெட்டலர்ஜி படிக்கிற பிள்ளை.

அடுத்த ஊர் கான்ஃப்ளூயன்ஸ். மூன்று நீரோட்டங்கள் சேரும் இடம் என்பதால் அந்தப் பெயர். நம் வார்த்தையில் கூடுதுறை. அங்கே சூடாக ஒரு சூப் குடித்தோம், காலையில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் முடித்தோம். இங்கிருந்து யாக் நதி நம்மை விட்டுப் பிரிகிறது, கேசல்மன் நதி துணைக்கு வருகிறது. வழியில் 849 அடி நீளப் பிங்கர்ட்டன் சுரங்கம். பல காலம் மூடிக் கிடந்து 2015-இல் திறந்தது. அதற்குள் நுழைந்ததும் மழை நின்றதுபோல் ஒரு அமைதி. இருட்டும் நேரத்துக்கு ராக்வுட் போய்ச் சேர்ந்தோம். விடுதியில் சைக்கிள் கழுவ வெளியே ஒரு குழாய் வைத்திருந்தார்கள். பாதையோர ஊர்களில் இந்தக் குழாய் ஒரு பெரிய மரியாதை. கூழ் காய்ந்துவிட்டால் சுண்ணாம்புக் காரை மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டால் வழிந்து போகும். குழாயை ஹப்புக்கு நேரே பிடிக்காமல் மேலிருந்து ஒழுகவிட்டோம். பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தால் ரப்பரில் கல்துகளும், ரிம்மிலிருந்து சுரண்டப்பட்ட அலுமினியச் சில்லும் பதிந்திருந்தன. விட்டுவிட்டால் அவை மறுநாள் ரிம்மைக் கோடு கோடாகக் கீறும். ஊக்கின் நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். நான்கு கட்டைக்கும் இருபது நிமிடம்.

மூன்றாம் நாள் வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. மையர்ஸ்டேலுக்கு முன்னால் சாலிஸ்பரி வயடக்ட் என்ற பாலம், 1,908 அடி நீளம், நூறடிக்கு மேல் உயரம். கீழே கேசல்மன் நதி, வயல், நெடுஞ்சாலை, ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதை எல்லாம் ஒரே பார்வையில். தூரத்து மேட்டில் காற்றாலைகள் சுழல்கின்றன. எதிர்க்காற்றில் பாதிப் பாலத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். எனக்கு அவசரமே இல்லை.

கிழக்குக் கண்டப் பிரிப்பு முகடு 2,392 அடியில் இருக்கிறது. அதற்கு மேற்கே விழும் மழை ஓஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். கிழக்கே விழுவது பொடோமாக் வழியாக செசபீக் விரிகுடாவுக்கு. ஒரு சின்ன ரோட்டின் அடியில் பாதை போகும் இடம் அது, சுவரில் முழுப்பாதையின் உயர வரைபடத்தை வரைந்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் பக்கம் கோடு படுத்தபடி ஊர்ந்து ஏறுகிறது, கம்பர்லாந்து பக்கம் 24 மைலில் சுமார் 1,750 அடி இறங்கிவிடுகிறது. எதிர்த்திசையில் வருகிறவர்கள் இந்த 24 மைலையும் ஏறி வர வேண்டும். நாங்கள் அங்கே நின்று கம்பிகளை ஒருமுறை தட்டிக் கேட்டோம். புதுக் கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது. கால் திருப்பு. புதுக் கம்பி ஹப்பில் படிந்து உட்காரும்வரை இப்படித்தான் இருக்கும்.

பிக் சாவேஜ் சுரங்கம் 3,294 அடி நீளம். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் குளிர் எலும்பில் ஏறுகிறது. கடும் குளிர்காலத்தில் இதன் கதவுகளை அடைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைப் பிளக்கும். மறுபக்கம் வெளியே வந்ததும் மேரிலாந்தின் மலைகள் அலை அலையாக விரிந்தன. மூன்று நாளில் முதல் முறையாக மிதிப்பதை நிறுத்தினேன், சைக்கிள் தானே ஓடியது. பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் எல்லையான மேசன்-டிக்சன் கோடு எது என்று கல்லில் குறித்திருக்கிறார்கள், அதில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம் போர்டன் சுரங்கம், விளக்கு இல்லாதது, முன்விளக்கு இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஃப்ராஸ்ட்பர்க்கில் இருந்து சுற்றுலா ரயிலின் தண்டவாளம் பக்கத்திலேயே கூட வருகிறது. பிரஷ் சுரங்கத்தில் ரயிலுக்கும் சைக்கிளுக்கும் ஒரே குகைதான். ஊதல் சத்தம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கடந்தோம்.

மைல் கற்கள் கம்பர்லாந்திலிருந்து எண்ணப்படுவதால் இறங்க இறங்க எண் குறைந்துகொண்டே வந்து, மாலை நான்கு மணிக்குப் பூஜ்யத்தில் நின்றது. அங்கே தரையில் அதற்கான குறி பதித்திருக்கிறார்கள். அதே இடத்தில் பழைய கால்வாய்க்கரைப் பாதை தொடங்கி வாஷிங்டன் வரை இன்னும் 184.5 மைல் போகிறது. மச்சினன் அந்தப் பக்கம் ஆசையோடு பார்த்தான். வாடகை வேனில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி வீடு திரும்பினோம்.

வீட்டில் செயினைக் கழுவி அளந்தேன். 12 அங்குலத்தில் அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தது. ஒரு மழை நாளுக்கு இது அதிகம்தான், ஆனால் மாற்றும் அளவு இல்லை. பின் ஹப்பைத் திறந்து பார்த்தேன், கிரீஸ் சுத்தமாக இருந்தது. குளிர்காலம் முழுக்க நேரம் இருந்ததால் இடது பக்கப் பதினாறு கம்பிகளையும் மாற்றினேன். மரையில் ஆளிவிதை எண்ணெய் தொட்டு ஏற்றினேன். அது மெல்ல உலர்ந்து பிசின்போல் பிடித்துக்கொள்ளும், தளர்ந்த பக்கத்து நிப்பிள்கள் அதிர்வில் தானாகத் திரும்பாது, தேவைப்பட்டால் சாவி போட்டுத் திருப்பவும் முடியும். கழற்றிய பழைய கம்பிகளின் கழுத்தை மச்சினன் ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்தான். இன்னும் இரண்டில் மயிரிழை விரிசல்.

புது இடது பக்கத்தை நகத்தால் சுற்றிவரத் தட்டினால் பதினாறும் ஒரே குரலில் பேசுகின்றன. செயின்ஸ்டேயில் பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாக மூன்று கம்பிகளைச் சுற்றி வைத்திருக்கிறேன். மே மாதம் கால்வாய்க்கரை.